மாவு அப்பிய பாஸ்போர்ட்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எதற்கும் பயப்படுபவள். சில வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தேவாலயத்தார் போலந்துக்குப் பேருந்தில் சுற்றுலா கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு கிராமத்தில் வண்ணக் காகிதத்தில் பூ வெட்டக் காட்டித் தந்தார்கள். பிறகு உடுப்பில் மாவு படாமலிருக்க எல்லோருக்கும் ஏப்ரன் கட்டிவிட்டு, நம் கொழுக்கட்டை போன்ற பியரோகி செய்ய வைத்தார்கள். கைப்பைகளை வெளியே வைக்கச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்தது. அகதியாக வந்த எனக்கு ஜெர்மனி தந்த பாஸ்போர்ட் அதில்தானே இருந்தது! யாருக்கும் சொல்லாமல் அதை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் குளிருக்கு அவசரமாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

திரும்பும் வழியில் ஜெர்மன் எல்லையில் போலீஸ்காரர் உள்ளே வந்தார். கைப்பையில் பாஸ்போர்ட் இல்லை. ஏப்ரனைச் சமையலறையிலேயே போட்டுவிட்டேனே என்று நினைத்தேன். என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில். என்னை உள்ளே விடுவார்களா?

"என்ன பிள்ளை, இப்பிடி வேர்க்குது? கோட்டைக் கழட்டன்," என்றார் பக்கத்தில் இருந்த மேரி அக்கா.

"ஐயோ அக்கா, பாஸ்போர்ட் துலைஞ்சு போச்சு!"

அக்காவே என் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். "அட விசரி, ஏப்ரனோடயே வந்திட்டாய்!"

பாஸ்போர்ட் அதன் பைக்குள்தான் இருந்தது. போலீஸ்காரர் மாவைத் தட்டிவிட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

ஏப்ரனைத் துவைத்து அந்தக் கிராமத்துக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். இப்போதெல்லாம் பாஸ்போர்ட்டை எங்கே வைக்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் நான் மறந்தாலும் அவருக்கு நினைவிருக்கும்.