கம்பியை விட்ட கண்டக்டர்

மூன்று வருஷமாகக் கண்டக்டரை ஆட்டிப் படைத்தது இடுப்புவலி. குனிந்தால் சுளீர், நிமிர்ந்தால் சுளீர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இடுப்போடு இதயமும் போய்விட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, கட்டிலே கதியெனக் கிடந்தார். விடுப்பு முடிந்துவிட்டது. இன்றைய சோதனையில் தேறினால் மறுபடி பஸ். தேறாவிட்டால் வேலைக்கே முழுக்கு.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒற்றை ஜன்னல் அறை. அதில் நடைமெஷின். இதயத்துடிப்பைக் காட்டும் பட்டையை அவர் நெஞ்சில் கட்டினாள் பிசியோதெரபி பார்க்கும் பிசியோ. மூலை நாற்காலியில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் மனைவி.

மெஷின் நகர்ந்ததுதான் தாமதம், கண்டக்டரின் இரண்டு கைகளும் பக்கவாட்டுக் கம்பியை உடும்பாகப் பற்றின.

"சார், கம்பிய விடுங்க."

"விட்டா இடுப்பு வெட்டிரும்மா."

"பிடிச்சீங்கன்னா பாதி பாரம் கைக்குப் போயிடும். உங்க இதயத்தோட தெம்ப எப்படி அளக்குறது? இந்தக் கணக்கு செல்லாது சார்."

இரண்டு முறை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். இரண்டு முறையும் கை தானாகவே கம்பிக்குப் போனது. பிசியோ பேனாவை மூடினாள். கண்டக்டருக்குக் கண்ணை இருட்டியது. எல்லாம் முடிந்தது!

"ஏங்க," என்று எழுந்து வந்தாள் மனைவி. "ஒரு கையில டிக்கெட், ஒரு கையில சில்லறை. ஓடுற பஸ்ல எந்தக் கையால கம்பியப் பிடிச்சீங்க?"

"அது... பிடிச்சதே இல்லியே!"

"இருபது வருஷம் குண்டும் குழியுமான ரோட்டுல கையை விட்டு நின்ன மனுஷன், நகராத ரூமுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. யாராவது பாத்தா சிரிப்பாங்க!"

பிசியோ வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி மெஷினைத் தட்டினாள். கண்டக்டரின் கால்கள் பழையபடி அகன்றன, முழங்கால் லேசாக மடங்கியது, கைகள் காற்றில் வீசின. மெஷின் மேடாகச் சாய்ந்தது. வலி கூடவே நடந்தது, ஆனால் வெட்டவில்லை. வேர்வை வழிந்தது. மூச்சு இரைத்தது. அவர் நிற்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து பிசியோ தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதயத்துக்கு ஒண்ணும் ஆகல சார். படுத்தே இருந்ததால தெம்பு கொஞ்சம் இறங்கியிருக்கு, தினமும் நடந்தா ஏறிடும். வலியோடயே வேலைக்குப் போகலாம். தேறிட்டீங்க!"

கண்டக்டர் கைகூப்பினார். "தெய்வம் மாதிரிம்மா நீங்க."

"என்னை ஏன் கும்பிடுறீங்க? உங்களை நடக்க வச்சது அவங்க."

அவர் திரும்பினார். அவர் கட்டிலில் கிடந்த மூன்று வருஷமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சிவந்த கைகளில் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தை கண்ணீராக உடைந்து வந்தது.

"நன்றிடி."

"அய்ய, முதல்ல மூக்கத் துடைங்க," என்று துண்டை நீட்டியவள், தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.