பிரெஞ்சு லோரியில் டிரான்ஸ்லேட்டர் உட்கார்ந்த இடம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் குணா கைப்பேசியும் கையுமாக அடுப்படிக்கு வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"விமலா, அந்த லோரிய பிரான்ஸுக்கே திருப்பி அனுப்புறாங்களாம். டிரான்ஸ்லேட்டர் போன் பண்ணாங்க. வியாழக்கிழமை ஏத்துறாங்க. பினாங்குக்குப் போய் பாத்துட்டு வந்துடுவோமா?"

எந்த லோரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் லோரி என்றால் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் குணா இரண்டு வருடம் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்தார். மின் நிலையங்களுக்கு வேண்டிய ராட்சத டிரான்ஸ்ஃபார்மர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி. முன்னால் ஒரு லோரி இழுக்கும். பின்னால் ஒரு லோரி தள்ளும். நடுவில் எண்ண முடியாத அளவுக்குச் சக்கரங்கள் வைத்த டிரெய்லர். ஆள் நடக்கிற வேகம்தான். பின்னாலிருந்து தள்ளும் லோரியை ஓட்டியவர் இவர். வேலை முடிந்ததும் கம்பெனி நாடு திரும்பியது. அந்த லோரியை மட்டும் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறைக்காரரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த லோரியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதன் கிளட்ச் எவ்வளவு ஆழம் மிதிக்க வேண்டும், எந்த கியரில் எப்படி முனகும் என்பதெல்லாம் இவருக்கு இன்றும் மனப்பாடம். எனக்கு எந்த முழங்காலில் ஆபரேஷன் நடந்தது என்று கேட்டால் யோசிப்பார். அதனால் அது நாட்டை விட்டுப் போகிறது என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். சரி, வழியனுப்பிவிட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டேன்.

புதன்கிழமை காலை ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயில். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, ஐ.சி. அடையாள அட்டையை மறக்காதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதையிலேயே ஃபெர்ரிக்குப் போகலாம். ஃபெர்ரிக்குத் தலைக்கு இரண்டு வெள்ளி. இடப்பக்கமாக நின்றால் பாலம் தெரியும். இவர் பாலத்தைப் பார்க்கவில்லை. கரையில் கப்பல்துறையின் கிரேன்களைக் காட்டி, "அங்கதான் எறக்குனோம்" என்றார். இதை நான் தேனிலவுப் பயணத்திலும் கேட்டிருக்கிறேன். இதே கடலில், இதே இடத்தில்.

ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சிறிய ஹோட்டல். இரவுக்கு நூற்று முப்பது வெள்ளி, சுத்தமான அறை, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள். மதியம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, கிராப் டாக்சி பிடித்து டத்தோ கிராமாட்டில் டிரான்ஸ்லேட்டர் வீட்டுக்குப் போனோம்.

டிரான்ஸ்லேட்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் தள்ளும் லோரிக்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர ஒன்றும் தெரியாது. முன்னால் நடந்து போகும் பிரெஞ்சுத் தலைவர் ரேடியோவில் சொல்வதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவர் பேசுவது பிரெஞ்சு. இவருக்குத் தெரிந்தது தமிழும் மலாயும். ஆகவே பக்கத்து சீட்டில் ஒரு டிரான்ஸ்லேட்டர். "டிரான்ஸ்லேட்டர் நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்துனேன். இல்லாட்டி பாலமே போயிருக்கும்" என்று இவர் சொல்லும் கதையை எங்கள் இரண்டு மகள்களும் ஒப்பிப்பார்கள். நான் மனத்தில் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான, வயதான ஒரு மனிதரை.

கதவைத் திறந்தது ஒரு பெண்மணி. அறுபதைத் தாண்டியவர் என்று சொன்னால்தான் தெரியும். வெளிர்பச்சையில் பாஜு குரோங், தலையில் அதே நிறத்தில் முக்காடு, நிமிர்ந்த முதுகு.

"குணா! என்னலா, தொப்ப போட்டுட்டீங்க!"

இவர் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருடமாகிறது. என் பக்கம் திரும்பி, "இவங்கதான் டிரான்ஸ்லேட்டர். ஜுபைதா" என்றார், ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் போல.

சொன்னாங்க, வந்தாங்க, உக்காந்தாங்க. யோசித்துப் பார்த்தால் இவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நம் மொழியில் மரியாதை கொடுத்துப் பேசினால் ஆணா பெண்ணா என்பது தெரியாமலே போய்விடும்.

ஜுபைதா அக்கா காரைக்காலில் பிறந்தவராம். அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்பாவோடு பினாங்கில் தங்கிவிட்டவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் சிங்கப்பூரில். லோரியை வாங்கியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பட்டறை முதலாளி தவுக்கேவுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தியது அக்காதான். எல்லாவற்றையும் என்னிடம் அன்பாகவே சொன்னார்.

தேநீர் வந்தது. குணாவின் கோப்பையில் அக்கா கேட்காமலே மூன்று கரண்டி சீனி போட்டார்.

"அவருக்கு இனிப்பு நீர் வியாதி. சீனி கிடையாது" என்றேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

"பரவால்ல விமலா, ஒரு நாளுதானே" என்று இவர் அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பிறகு இருவரும் பழைய கதைக்குள் போய்விட்டார்கள். மண் இறங்கிய வளைவு, வெட்ட வேண்டியிருந்த மரக்கிளை, ரேடியோவில் கத்தும் தலைவர். ஒரு கட்டத்தில் அக்கா கையை மெதுவாக அசைத்து, "தூஸ்மா, குணா, தூஸ்மா" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மகள்கள் சைக்கிள் பழகியபோது இவர் சொன்ன சொல் அது. நான் காரை ரிவர்ஸ் எடுத்தால் இன்றும் சொல்வார். ஏதோ இவராகக் கண்டுபிடித்த சத்தம் என்று நினைத்திருந்தேன். பிரெஞ்சில் 'மெதுவாக' என்று அர்த்தமாம். என் வீட்டில் இத்தனை வருடம் புழங்கிய சொல், இந்தப் பெண்மணியின் வாயிலிருந்து வந்தது.

அன்று மாலை கடலோர எஸ்பிளனேடில் காற்று நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மூவருமாக ஃபெர்ரியில் பட்டர்வொர்த் வந்தோம். மாக் மண்டினுக்கு அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். கிராப் எட்டு வெள்ளி. காரில் அக்கா முன்னால் உட்கார்ந்தார். நான் இவர் பக்கத்தில் பின்னால். இதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

பட்டறையின் கடைசியில், புல்லுக்கு நடுவில் நின்றது அந்த லோரி. நீண்ட மூக்கு, வெளுத்துப்போன சிவப்பு, என் தோளுயரத்துக்கு டயர். இவர் பேசாமல் போய் முன்பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார்.

எஞ்சின் ஓடாது. லோரியை ஏற்றிப்போக ஒரு நீளமான தாழ்தள லோரி வந்திருந்தது. அதை ஓட்டி வந்தவர் முருகன், நாற்பது வயதிருக்கும். அதிலிருந்த வின்ச்சைக் காட்டினார்.

"அண்ணே, கம்பி போட்டு இழுத்து மேல ஏத்தணும். உள்ள ஸ்டீரிங் புடிக்க ஒரு ஆளு வேணும். நான் வின்ச்ச பாக்கணும்லா."

"நான் ஏறுறேன்" என்றார் குணா. முருகன் பேசி முடிப்பதற்குள் இவர் ஒரு காலை படியில் வைத்துவிட்டார்.

"வலது பக்கக் கண்ணாடி இல்ல அண்ணே. அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்து டயர பாத்து சொல்லட்டும். ஏத்துற பலகையிலேர்ந்து டயர் எறங்குச்சுன்னா கதை முடிஞ்சிது."

அது பிரான்ஸில் செய்த வண்டி, ஸ்டீரிங் இடப்பக்கம். ஜுபைதா அக்கா பழக்கத்தில் நேராக வலப்பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். அப்புறம் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஏறுங்க விமலா."

"வேணாங்கக்கா. நீங்களே ஏறுங்க. நீங்க சொன்னாத்தானே அவருக்குக் காது கேக்கும்."

குரலில் இருந்ததை மறைக்க நான் முயலவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு என் அருகில் வந்தார். மறுபக்கம் குணா முருகனோடு கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் அந்த சீட்ல உக்காந்திருந்தேன்" என்றார் மெல்லிய குரலில். "எனக்கு அவர பிடிச்சிருந்துச்சு. ரொம்பவே. நல்லா உடுத்திக்கிட்டு வருவேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலலா. முன்னால பாப்பாரு, மீட்டர பாப்பாரு, கண்ணாடிய பாப்பாரு. அவ்வளவுதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கா? லோரிக்கு வலிச்சாத்தான் அவருக்குத் தெரியும்." சிரித்தார். "வீட்ல ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க, அது வேற. ஆனா நீங்க இத்தன வருஷம் அந்த ஆளோட சோறு தின்னிருக்கீங்க. நேத்து உங்கள பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?"

கோபப்படுவதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. அவர் அப்படிச் சொன்னதும் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்தேன். படி உயரம். என் முழங்கால் மடங்கவில்லை. அக்காதான் கீழிருந்து என் இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டார்.

உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. கிழிந்த சீட், கிரீஸ் வாடை. குணா ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரான்ஸ்லேட்டர் ஒரு பொம்பளன்னு ஏங்க ஒரு நாளும் சொல்லல?"

"சொல்லலையா?" உண்மையாகவே யோசித்தார். "டிரான்ஸ்லேட்டர்னு சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்."

அதற்குள் கம்பி இறுகி, வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. "விமலா, டயர பாரு. சொல்லு, சொல்லு!"

நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... போதும். நேரா. நேரா போங்க. ஐயோ, நில்லுங்க!" இவர் முருகனைப் பார்த்துக் கத்தினார். வின்ச் நின்றது. பலகையின் விளிம்புக்கு நாலு விரல் அகலம்தான் இருந்தது. "இடது பக்கம் ஒடிங்க. முழுசா." இவர் சீட்டிலிருந்து எழுந்து தன் பாரம் முழுவதையும் போட்டு ஒடித்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. "இப்ப வரச் சொல்லுங்க." டயர் உள்ளே வந்தது. நான் சொல்லச் சொல்ல, ஒன்றையும் மறுத்துப் பேசாமல், ஒவ்வொன்றையும் செய்தார்.

வண்டி மேலே ஏறி நின்றதும் நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. இவர் என்னைப் பார்க்கிறாரா என்று திரும்பினேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஜுபைதா அக்கா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றார். அவரும் மேலே இவரைத்தான் பார்த்தார். எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. ஆனால் தனியாக எரியவில்லை.

பினாங்குக்குப் போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், ஃபெர்ரியில் கூட்டம் இருக்காது. நாசி கண்டாருக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை, இப்போது அந்த லோரியும் இல்லை. வாழ்க்கைத் துணையின் பழைய வேலையிடத்துக்குப் போகிறவர்கள், அங்கே யாரெல்லாம் வேலை பார்த்தார்கள் என்று வீட்டிலேயே தெளிவாகக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் ரயிலில் இவர் கேட்டார். "லோரிக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

"லோரியப் பத்திதான்" என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு பெண் தன்னை அந்த அளவுக்கு விரும்பினாள் என்று தெரிந்தால் இந்த வயதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதைக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. என் பதிவுகளை அவர் படிப்பதும் இல்லை. படங்களை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். லோரி படம் எங்கே என்று வாசகர்கள் கேட்பீர்கள். எழுபது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் போடப்போவதில்லை. போட்டால் இதைப் படித்துவிடுவார்.