ஏழாவது பத்தி என்னுடையது

எங்கள் பக்கத்தில் வீடு விற்கிற யாரைக் கேட்டாலும் நிதானம் அம்மாவைத்தான் கைகாட்டுவார்கள். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. "நிதானமாப் படிங்க, நிதானமாப் படிங்க" என்று வாய்க்கு வாய் சொல்வதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒட்டவைத்தவன் நான். கேலிக்குத்தான் வைத்தேன். அந்தம்மா அதையே போர்டில் எழுதி மாட்டிக்கொண்டார். நான் வைத்த பெயரில் அவருக்கு வியாபாரம் நடக்கிறது. இதற்கு மேல் ஒருவனுக்கு வயிறு எரிய என்ன வேண்டும்?

நானும் வீட்டுத் தரகன்தான். இருபத்திரண்டு வருஷம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் ஏணி மேல் நின்று சுவர்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் அடித்த வீடுகளை விற்கவும் மெல்லக் கற்றுக்கொண்டேன். எனக்கு ஆபீஸ் கிடையாது. ஒரு பைக், ஒரு போன், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பேச்செல்லாம் வாய்ப்பேச்சுதான். யாராவது சந்தேகப்பட்டால் மட்டும் ஒரு அச்சுத் தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்பேன். கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நிதானம் அம்மா வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கண்ணாடி டம்ளர் நிறையப் பென்சில். அதற்கு முன் ஒரு வக்கீலிடம் பதினெட்டு வருஷம் டைப் அடித்தவர். அப்பாவின் வீட்டை விற்கப் போய்ச் சூடுபட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். இரண்டு தரகர்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே, "இந்த வீட்டை யார் விற்றாலும் கமிஷன் எனக்குத்தான்" என்கிற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விற்றது ஒருவர், கமிஷன் போனது இரண்டு பேருக்கும். ஊரார் ஒப்பந்தத்தையெல்லாம் எழுத்துப் பிசகாமல் அடித்தவர் தன் தாளைப் படிக்கவில்லை. கையெழுத்து வாங்கும்போது ஒரு தரகர் சொன்னாராம்: "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்." அது நான் இல்லை. ஆனாலும் இந்தக் கதை என் காதுக்கு வந்த அன்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தது போல இருந்தது.

வீட்டை விற்க யார் வந்தாலும் அவர் அன்றைக்கே கையெழுத்து வாங்க மாட்டார். ஒப்பந்தத் தாளையும் டம்ளரிலிருந்து ஒரு பென்சிலையும் கொடுத்து அனுப்பிவிடுவார். புரியாத இடத்திலும் பிடிக்காத இடத்திலும் கோடு போட்டுக்கொண்டு வர வேண்டும். கோடே இல்லாமல் தாள் சுத்தமாக வந்தால், "இது படிக்காத காகிதம்ங்க, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பித் தந்துவிடுவார். காலடி தேடி வந்த பார்ட்டியை விரட்டுகிற தரகரை நான் அதுவரை பார்த்ததில்லை. "மூணு மாசத்துல கடைய மூடிடுவாங்க" என்று பஸ் டிரைவர்களிடம் பந்தயம் கட்டினேன். இப்போது என் பெஞ்சிலிருந்து பார்த்தால் அவர் போர்டு நான்கு வீட்டு வாசலில் தெரிகிறது. எண்ணக்கூடாது என்றுதான் உட்காருவேன். கண் தானாக எண்ணிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் என் அக்கா வீட்டை விற்க முடிவு செய்தாள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற முடியவில்லை, மகள் வீட்டுப் பக்கத்தில் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு போதும் என்று அவளும் மாமாவும் பேசி வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவள் சமையலறை மேஜையில் அந்தப் பென்சிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இது என்னக்கா?"

"பென்சில்" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"யார் வீட்டுப் பென்சில்னு எனக்குத் தெரியும். கூடப் பொறந்தவன் ஒருத்தன் இதே தொழில்லதான் இருக்கான். ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. உங்க மாமா கடைய வித்துக் குடுத்தியே, அதுவும் ஞாபகம் இருக்கு. எங்ககிட்டயும் கமிஷன் வாங்கின, எங்களுக்குத் தெரியாம அந்தப் பக்கமும் வாங்கின."

"அது தொழில் வழக்கம்க்கா."

"இருந்துட்டுப் போகட்டும். நீ வித்தா வீடும் போகும், தம்பியும் போயிடுவான். அவங்க வித்தா வீடு மட்டும்தான் போகும்."

மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். தாள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"என் கையில பார்ட்டி ரெடியா இருக்கான். நாளைக்கே அட்வான்ஸ் குடுப்பான்" என்றேன்.

தரகன் வாயில் எப்போதும் ஒரு பார்ட்டி இருப்பான். கையில் இருக்கிறானா என்பது வேறு விஷயம். அன்றைக்கு என் கையில் ஈ, காக்கைகூட இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை என் முன்னால் தள்ளினாள். "படி. எங்க தலையில மொளகா அரைக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு காட்டு. காட்டிட்டா வீட்டை நீயே வில்லு."

ஆறு பக்கம். என் வாழ்க்கையில் ஆறு பக்கம் சேர்ந்தாற்போலப் படித்ததில்லை. விரலை வைத்து, உதட்டை அசைத்து, சனிக்கிழமை பகலும் ஞாயிற்றுக்கிழமை பகலும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்தேன். மாமா நடுவில் வந்து, "பரீட்சை என்னைக்கு மாப்ளே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு வாரத்துக்கு வேறு யாரும் விற்கக்கூடாது, அக்காவே ஆள் பிடித்தாலும் கமிஷன் உண்டு என்றது மூன்றாவது பத்தி. கோடு போட்டேன். நூற்றுக்கு இரண்டு கமிஷன், வரி தனி. அந்த வரி எவ்வளவு? கோடு. போட்டோ எடுக்கிற செலவும் போர்டு வைக்கிற செலவும் யார் தலையில்? கோடு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், அவர் காட்டிய ஆள் ஆறு மாதத்துக்குள் வந்து வாங்கினால் கமிஷன். காட்டிய ஆட்களின் பட்டியல் தருவாரா? கோடு.

ஏழாவது பத்திக்கு வந்தேன். "வாங்கத் தயாராக உள்ள ஒருவரை முகவர் அழைத்து வந்தவுடன் கமிஷன் உரியதாகும்." மூன்று தடவை படித்தேன். அழைத்து வந்தாலே போதும். அவன் வாங்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வங்கி கடன் தராமல் அவன் பின்வாங்கினாலும் அக்கா கமிஷனைக் கீழே வைக்க வேண்டும். நான் அழுத்திய அழுத்தில் பென்சில் முனை முறிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் போனோம். அக்காவால் மாடி ஏற முடியாது என்று தெரிந்ததும் நிதானம் அம்மா நாற்காலிகளோடு கீழே இறங்கி வந்துவிட்டார். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இருபது வருஷமாக அந்த முழங்காலை நானும் பார்க்கிறேன், எனக்கு ஒரு நாளும் ஒரு நாற்காலியைத் தூக்கத் தோன்றியதில்லை. அதுவும் சுருக்கென்றது.

ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டு வாரத்தை எட்டாக்கினார். வரியும் சேர்த்து மொத்தத் தொகையை எழுதினார். போட்டோ, போர்டு செலவு தன்னுடையது என்று எழுதினார். யாருக்கு வீட்டைக் காட்டினாலும் பெயர்ப் பட்டியல் தருவதாக எழுதினார். ஏழாவது பத்தியில் விரல் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"வக்கீல் ஆபீஸ்ல நூறு தடவை அடிச்ச வரி இது. கை பழக்கத்துல இங்கயும் அடிச்சு வெச்சிருக்கேன். அண்ணே போட்ட கோடு சரி. ஆள் வந்தா போதாது, வீடு கை மாறணும்." அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, விற்பனை முடிந்த பிறகே கமிஷன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"பாத்தியாக்கா! மொளகா அரைக்கிற எடம்! நீ சொன்ன வார்த்தை சொன்னதுதான?" என்று எழுந்தேவிட்டேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "சொன்னதுதான். நாளைக்கே அட்வான்ஸ் குடுக்கிறவன் பேரைச் சொல்லு. இந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுக் கெளம்புவோம்."

"கெளம்பவே வேணாம்மா" என்றார் நிதானம் அம்மா. மூன்றாவது பத்திக்குக் கீழே பென்சிலால் ஒரு நீளக் கோடு இழுத்தார். "கையெழுத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆள் இருந்தா, பேரை இங்க எழுதிடலாம். அவர் வாங்கினா எனக்கு ஒரு காசு வேண்டாம். எழுதுங்கண்ணே."

பென்சிலை என் பக்கம் நீட்டினார். ஜெராக்ஸ் மிஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெயரும் தோன்றவில்லை. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன், "நல்ல வீடு வந்தா சொல்லுங்க" என்றிருந்தார். எழுதிவிடலாம். எழுதினால் அக்கா நேராக ரொட்டிக்கடைக்குப் போய்க் கேட்பாள். மாமாவிடம் அன்று பார்த்து முகத்தை மறைக்கச் செய்தித்தாள் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத்தான் பார்த்தாள். சிறு வயதில் நான் பொய் சொன்னால் பார்ப்பாளே, அதே பார்வை.

"என்னடா, பேருகூட மறந்துபோச்சா?"

நிதானம் அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவரைக் கேக்காம அண்ணே எப்படிம்மா எழுதுவாங்க? முறை இல்லையே. ஒரு வாரம் இந்த எடம் காலியா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மானத்தைக் காப்பாற்றினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டாள். பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஒரு வாரம் நான் ஏறாத படி இல்லை. முதலில் ரொட்டிக்கடைக்குத்தான் ஓடினேன். "அடடா, போன மாசம்தான் ஒரு வீடு வாங்கினேன். நிதானம் அம்மாதான் காட்டினாங்க" என்றார், வாயெல்லாம் பல்லாக. பல் டாக்டர், தையல்காரர், பழைய பெயிண்ட் மேஸ்திரி, யாரும் அசையவில்லை. ஏழாவது நாள் மாடியேறிப் போய், காலியாக இருந்த அந்த இடத்தில் நானே குறுக்கே அடித்தேன்.

நிதானம் அம்மா தாளை மடித்துவிட்டு, "ஏழாவது பத்திய இனிமே எல்லாருக்குமே மாத்தி அச்சடிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையேண்ணே?" என்றார்.

"எனக்கென்ன" என்று இறங்கி வந்துவிட்டேன்.

நான்காவது வாரம் அவர் கொண்டுவந்த ஆளுக்கு வங்கி கடன் தரவில்லை. ஆள் போய்விட்டான். பழைய வரி இருந்திருந்தால் அக்கா அழுதிருப்பாள். ஒரு காசு போகவில்லை. ஏழாவது வாரம் வேறொருவர் வாங்கினார். அக்கா இப்போது போகிற இடமெல்லாம், "நிதானம் அம்மா தாள்ல ஏழாவது பத்தினு ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் எங்களைக் காப்பாத்துச்சு" என்று சொல்கிறாள். என்னை வைத்துக்கொண்டே சொல்கிறாள். கோடு போட்டவன் யாரென்று ஒரு வார்த்தை வருவதில்லை. நேற்று என் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேர் அதே பத்தியைப் பற்றிப் பேசினார்கள். "எவ்வளவு நேர்மையான பொம்பள!" என்றார் ஒருவர். எழுந்து பைக்கைத் துடைக்கப் போய்விட்டேன்.

போர்டில் இருக்கிற பெயர் என்னுடையது. ஏழாவது பத்தி என்னுடையது. அந்தம்மாவுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்த டம்ளரும் பென்சிலும்தான். அதில் ஒரு பென்சிலை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுப்பதாகவும் இல்லை.