உஷாராணியின் காதில் குறையில்லை

குடியாத்தத்தில் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்கு வந்த உஷாராணிக்கு வயலின் கற்கும் ஆசை நாற்பத்தைந்து வயதில்தான் கைகூடியது. அதுவரை அஞ்சல் அலுவலக வேலை, மகளின் படிப்பு, மாமியாரின் வைத்தியம் என்று ஒன்று மாற்றி ஒன்று. மகள் சிந்து கல்லூரிக்காகப் பெங்களூர் போனதும், மயூர் விஹாரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே சந்திரமௌலி நடத்திய ஞாயிறு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாளே அவர் நிபந்தனை போட்டார். வயலினை அவரிடம்தான் வாங்க வேண்டும். வெளியில் வாங்கியதும் பழையதும் அவர் வகுப்பில் ஆகாது. மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று. வாத்தியாரே தருகிறாரே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

அந்த வயலின் அவளைப் படாத பாடு படுத்தியது. சுருதி சேர்த்துவிட்டு வில்லைக் கையில் எடுப்பதற்குள் தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை வழுக்கி அது தளர்ந்துவிடும். தந்திகள் பலகையை விட்டு எழும்பி நின்றதால் அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போனது. சரளி வரிசையிலேயே தடுமாறினாள்.

"உங்களுக்குக் காது சரியில்லம்மா," என்றார் சந்திரமௌலி, கூடப் படித்த குழந்தைகளுக்கு முன்னால். "சுருதி ஞானம் சின்ன வயசுலயே வரணும். வேணும்னா இதைவிட ஒசத்தியா ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அதை வாங்கிப் பாருங்க."

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். "விடு உஷா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?" என்று கணவர் சிவகுமார் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது இன்னும் எரிந்தது.

மேல்மாடி ராஜிக்கு விஷயம் தெரிந்ததும் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். கனடாவில் இருக்கும் மகன் ப்ரசன்னா பள்ளி நாட்களில் வாசித்த வயலின். "சும்மாதானே கெடக்கு, எடுத்துண்டு போங்கோ."

கடையில் தந்திகளை மாற்றிக்கொண்டு வந்து, ராஜியின் கூடத்தில் உட்கார்ந்து அதே சரளி வரிசையை வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் வைத்த இடத்தில் நின்றது.

"நன்னாத்தானே வாசிக்கறேள்! யார் சொன்னா காது சரியில்லன்னு?" என்றாள் ராஜி.

உஷாராணிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அடுத்த ஞாயிறு இரண்டு வயலின்களையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். யாரையும் கேட்காமல் உட்கார்ந்து இரண்டிலும் வாசித்துக் காட்டினாள்.

"பழசு கூடாதுன்னு சொன்னேனே!" என்றார் சந்திரமௌலி.

"ஏன் சார் கூடாது? என் காதுல கோளாறா, நீங்க வித்த சாமான்ல கோளாறா? இந்தப் பசங்க கையில இருக்கறதும் அதேதானே? இவங்களையும் ஞானம் இல்லன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

வாசலில் நின்ற ஒரு குழந்தையின் அப்பா, "சோடியே மேடம், விடுங்க, பசங்க முன்னாடி எதுக்கு?" என்றார்.

"என்னை அவர் பசங்க முன்னாடிதானே சொன்னாரு? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

சந்திரமௌலி கதவைக் காட்டினார். பணம் திரும்பி வரவில்லை.

அன்று மாலையே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உஷாராணி கேட்டாள்: யார் வீட்டில் வாசிக்காத வாத்தியம் தூங்குகிறது? பரண்களிலிருந்து வயலின்கள், ஒரு கீபோர்டு, தந்தி அறுந்த வீணைகூட இறங்கின. இப்போது அங்கே கற்க விரும்புகிறவர் முதலில் இரவல் வாங்கிச் சில மாதம் வாசிக்கிறார். ஆசை நிலைத்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போய், அவர் வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறார். பழையதை வாங்கவும் யாரும் கூச்சப்படுவதில்லை.

தன் அலுவலகம் முடிந்து வந்து சொல்லித்தரும் அதே குடியிருப்பின் ஷ்வேதாவிடம் உஷாராணி கீதம் வரை வந்துவிட்டாள். சந்திரமௌலியின் வகுப்பும் நடக்கிறது, அதே வயலின்களோடு. "ஒரே காலனி, ஏன் பகை? சமாதானமாப் போங்களேன்," என்று போன வாரம் சங்கச் செயலாளர் விஸ்வநாதன் வந்து சொன்னார்.

"முதல்ல அவரை விக்கறதை நிறுத்தச் சொல்லுங்க," என்று அவரை அனுப்பிவிட்டு, அவள் சாதகத்துக்கு உட்கார்ந்தாள்.