நோரீன் திருப்பிய வளையம்

நோரீனுக்கு மூக்கின் மேல் கோபம். தெற்கு ஒஹாயோவில் அந்த வட்டாரத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரியை இருபது வருடமாக ஓட்டுகிறவள். திட்டாமல் அவள் ஒரு வளைவைக்கூடத் திரும்பியதில்லை என்பார்கள். அதில் பாதி பொய். ஆனால் அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. எனக்கே இன்னும் ஆறவில்லை.

லாரி வேலையில் தோள்பட்டை கிழிந்து, அறுவை சிகிச்சையும் ஆன பிறகு அவளால் மான் வேட்டைக்குச் சாதாரண வில்லை இழுக்க முடியவில்லை. துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் குறுக்கு வில்லுக்கு மாறினாள். "என்ன நோரீன், அடுத்த வருஷம் பீரங்கியா?" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். "உன் வாயை அடைக்க அதுவும் வாங்குவேன்" என்றாள்.

வேட்டை தொடங்கும் வாரத்தில் அவள் பின்வாசலில் கோணிப்பையை இலக்காக வைத்து உட்கார்ந்துவிடுவாள். வில்மேல் குறிபார்க்க வைத்திருக்கும் ஸ்கோப்புக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கோடுகள். மேல் கோடு இருபது கஜத்துக்கு, அடுத்தது முப்பதுக்கு, மூன்றாவது நாற்பதுக்கு, கடைசி ஐம்பதுக்கு. இருபதில் சரியாக விழுகிறதே என்று மற்றதை நம்பிவிடக் கூடாது. பையை நாற்பதுக்குத் தள்ளி வைத்து, அம்பு மூன்றாவது கோட்டிலேயே போய்க் குத்தும்வரை ஸ்கோப்பின் பின்னால் இருக்கும் வேக வளையத்தைத் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். வில் வந்த பெட்டியில் அம்பின் வேகம் நொடிக்கு நானூறு அடி என்று போட்டிருந்தது. அது லேசான அம்புக்கு. நோரீன் எய்வது கனமான அம்பு. மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். அவள் வளையம் முந்நூற்றைம்பதில் நின்றது.

வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி டெரில் சாப்பிட வந்தான். அவள் அடுப்பிலிருந்து சோள ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். வில் மேசைமேல் கிடந்தது.

மறுநாள் விடியலில் விவசாயி வெண்டலின் சோயா வயலோரம் இருந்த பரணில் ஏறினாள். வெண்டல் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: காயம்பட்ட மான் ஒன்று தன் நிலத்தில் அலைந்தாலும் எய்தவர் மறுபடி அங்கே கால் வைக்கக் கூடாது. நோரீனுக்கு வேட்டையாட வேறு இடமும் கிடையாது.

பெண்மான் ஒன்று வந்து நின்றது. சரியாக நாற்பது கஜம். மூன்றாவது கோட்டை இதயத்துக்கு நேராக வைத்து விசையை அழுத்தினாள். அம்பு நான்கு விரற்கடை தாழ்ந்தது. மான் முன்னங்காலை மடக்கிக்கொண்டு நொண்டியபடி பயிருக்குள் ஓடியது.

ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தாள். வளையம் நானூறில் இருந்தது.

இரத்தத் தடம் தேட உதவிக்கு வந்த டெரிலிடம் வில்லை நீட்டினாள். "யாருடா இதைத் தொட்டது?"

"நான்தான்க்கா. பெட்டியில நானூறுன்னு போட்டிருக்கு, உன்னோடது முந்நூத்தம்பதுல இருந்துச்சு. எங்கயோ இடிச்சுத் திரும்பியிருக்கும்னு சரி பண்ணி வச்சேன்."

"சரி பண்ணியா? ரெண்டு சாயங்காலம் உக்காந்து வச்சதுடா அது! பெட்டி மேல எழுதினவனா மரத்துல ஏறி எய்யப் போறான்? ஒரு வார்த்தை கேட்டியா? வாய் செத்துப் போச்சா?"

"சும்மா ரெண்டு திருகு திருப்பினேன். அதுக்கு இவ்வளவு கத்தணுமா?"

அதற்குள் வெண்டல் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மான் அவர் வீட்டுப் பின்பக்கமாக நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார். "யாரு எய்தது?"

நோரீன் தம்பியைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள்.

"என் வில்லுண்ணே. விரலும் என்னோடது" என்றாள்.

"அப்போ உனக்கே தெரியும்மா."

"தெரியும். ஆனா அதை முடிச்சிட்டுப் போறேன். அது வலியோட நிக்குது."

"வேணாம். ஒரு தடவை போதும். டெரில், நீ பார்த்து முடிச்சிடு. மானுங்க பயிரெல்லாம் மேய்ஞ்சு அழிக்குதுங்க, இனிமே இந்தப் பரணுக்கும் நீயே வா."

அந்தப் பயல் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரிண்ணே" என்றான்.

நோரீன் வீட்டுக்குப் போய்ப் பின்வாசல் கதவை அறைந்ததில் கண்ணாடி விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டெரில் தன் குறுக்கு வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, நான் இருபது கஜத்துக்கு மேல இதை எய்து பார்த்ததே இல்ல. கொஞ்சம் குறி சரி பண்ணிக் குடேன்."

அவள் அடித்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அடிக்கவில்லை. வில்லைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பையை நாற்பதில் வைத்து உட்கார்ந்தாள். ஒவ்வோர் அம்புக்கும் அவனை ஒரு வசவு திட்டினாள். வளையத்தைத் திருப்பினாள், எய்தாள், எழுந்துபோய்ப் பிடுங்கி வந்தாள், மறுபடி திருப்பினாள். தோள் வலியில் பல்லைக் கடித்தாள். கடைசி இரண்டு அம்புகளும் மூன்றாவது கோட்டில் ஒட்டிக்கொண்டு குத்தின.

"நாப்பதுன்னா மூணாவது கோடு. வளையத்துல கை பட்டுச்சு, விரலை ஒடிச்சிடுவேன். போ."

"அக்கா, வெண்டல் அண்ணன்கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"முதல்ல மானை முடி. அது என்னடா பாவம் பண்ணுச்சு?"

டெரில் ஒரே அம்பில் முடித்தான். அது அவள் வைத்துக் கொடுத்த குறி. இறைச்சியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டு அவன் முகத்திலேயே கதவைச் சாத்தினாள்.

செப்டம்பர் பிறந்தால் இப்போதும் வில்லோடு அவள் பின்வாசலில் வந்து நிற்கிறான். அவளும் திட்டித் தீர்த்தபடி அம்பு அம்பாக எய்து பார்த்துக் கொடுக்கிறாள். அவன் அதை எடுத்துக்கொண்டு வெண்டலின் பரணில் ஏறுகிறான். அந்த வளையத்தைத் திருப்பியது யார் என்று வெண்டலிடம் இன்றுவரை அவன் சொல்லவில்லை.