கொழுந்து லாரியும் என் தங்கை அம்சவல்லியும்

மலேசியாவில், கேமரன் மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களை ஏற்றிச் செல்லும் லாரிக்கு இப்போது இருபுறமும் கம்பியடைப்பு இருக்கிறது. டிரைவர் குடித்திருந்தால் ஏறமாட்டோம் என்று பெண்கள் சொன்னால் யாரும் அன்றைய கூலிக் கணக்கில் அவர்கள் பேரை வெட்டுவதில்லை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் சம்சுச் சாராயம் காய்ச்சுவதும் நின்றுவிட்டது. இத்தனையும் என் தங்கை அம்சவல்லி ஜெயித்தவை. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. இருபத்தாறு வயதில் புருஷனை இழந்தவள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விட்டால் போக இடம் கிடையாது.

1979 ஜூலையில், ரிங்லெட்டுக்கு இறங்கும் வளைவில் லாரி கவிழ்ந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகம் அங்கேயே இறந்துபோனாள். ஓட்டியவன் சிங்காரம், கங்காணியின் மச்சான். அன்று காலையிலேயே அவனிடம் சம்சு வாடை அடித்தது லாரியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்தில் எந்தப் புகாரும் முதலில் கங்காணியிடம் போகும். அவர் ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் சொல்வார், கிராணி மானேஜர் துரையிடம் சொல்வார். போலீஸ்வரை யாரும் போனதில்லை. "பிரேக் பிடிக்கலன்னு சொல்லுங்க" என்றார் கங்காணி. எல்லாரும் அப்படியே சொன்னார்கள்.

அம்சவல்லி மட்டும் ரிங்லெட் ஸ்டேஷனுக்குப் போனாள். துணைக்கு நான் போனேன். கார்ப்பரல் சிவலிங்கம் அவள் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, பெருவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். காகிதத்தில் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. மற்றக் கையும் அப்படியே.

"என்னம்மா இது, விரலா, தேய்ஞ்ச டயரா?"

"பன்னெண்டு வயசிலருந்து ரெண்டு கையாலயும் கொழுந்து கிள்ளுறேன் சார். ரேகை எங்கருந்து வரும்?"

அவர் சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். விஷயம் கங்காணி காதுக்கு எட்டியது. அவர் ஸ்டேஷனுக்கே போய், "இது அவ கைநாட்டு இல்லலா, யாரோ வெச்சது" என்று சாதித்தார். கோர்ட்டில் இதே பேச்சு வரும் என்று கார்ப்பரல் சொல்லியனுப்பினார். இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் தன் பேரைத் தானே எழுதினால் ஒருவரும் மறுக்க முடியாதாம்.

அன்று சாயங்காலம் கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். "அம்சா, உனக்கு வீடு வேணுமா, கேஸ் வேணுமா?"

"ரெண்டும் வேணும் கங்காணியாரே. நாளைக்கும் அந்த லாரியில ஏறப் போறது நாங்கதான்."

நான் தேயிலைப் பெட்டி மூடியில் கரியால் அவள் பேரை எழுதிக் கொடுத்தேன். கடைசி எழுத்தின் சுழி அவளுக்கு வளையவே இல்லை. "அப்பா சின்னப் பேரா வெச்சிருக்கக் கூடாதா" என்று சலித்துக்கொண்டாள். அம்சா என்று மட்டும் போடச் சொன்னேன். கேட்கவில்லை. "கேசுல முழுப் பேர்தான இருக்கு, அண்ணே" என்று மறுபடி கரியை எடுத்தாள்.

அவள் எழுதியதைப் பார்த்தபிறகு லாரியில் இருந்த இன்னும் நான்கு பெண்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். சிங்காரம் சிறைக்குப் போனான், லைசென்ஸும் போனது. அந்தக் கேசுக்குப் பிறகுதான் லாரிக்குக் கம்பியடைப்பு வந்தது, சம்சு காய்ச்சுவதும் நின்றது. எங்கள் வீட்டில் யாரும் கை வைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மேசையில் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் தங்கை முதன்முதலாகத் தன் பேரைக் கையெழுத்தாகப் போட்டது 1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை.