எல்லாப் படகும் ஒரே மாதிரி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனைத் தாண்டித் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் நடந்தது இது. என் பதினொரு வயது மகள் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்ட நாள். எனக்கு நீச்சல் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. நாங்கள் குடியிருக்கிற சிம்பாங் அம்பாட்டிலிருந்து பினாங்குப் பாலத்தில் வரும்போது, காருக்குள் உட்கார்ந்துகொண்டே கடலைப் பார்க்கப் பயப்படுகிற ஆள் நான். எங்களுக்குப் பிறந்த இவளுக்கு எங்கிருந்துதான் இந்தக் கடல் பைத்தியம் பிடித்ததோ தெரியவில்லை. பள்ளியில் ஒரு நாள் இலவசமாகப் படகில் ஏற்றிக் காட்டினார்கள். அதோடு சரி, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கடலுக்கே போய்விட்டன.

அவள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற படகு. ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்து ஓட்டுவது. முன்பக்கம் கூராக இல்லாமல் மழுங்கி, குளிக்கும் தொட்டிக்குப் பாய் கட்டிவிட்டது போல் இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டதில் அவளுக்கு மகா கோபம். வீடு வந்து சேரும்வரை அதன் வரலாற்றை எனக்குப் பாடம் நடத்தினாள். அமெரிக்காவில் ஓர் ஊரில் பையன்கள் மரப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, மேட்டிலிருந்து உருட்டிப் பந்தயம் விடுவார்களாம். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது படகு விட்டால் என்ன என்று யாருக்கோ தோன்ற, அந்த ஊரில் படகு கட்டுகிறவர் ஒருவர் இரண்டே இரண்டு பிளைவுட் பலகையில் வெட்டி எடுக்கிற மாதிரி இதை வரைந்து கொடுத்தாராம். அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். பலகையின் நீளத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால்தான் முன்பக்கம் மழுங்கிப்போனதாம். பிறகு டென்மார்க்காரர் ஒருவர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். இப்போது ஃபைபரில், உலகம் முழுவதும் ஒரே அளவில் செய்கிறார்கள். படகு, பாய், சுக்கான் எல்லாவற்றையும் அளந்து பார்த்துத்தான் பெரிய போட்டிகளுக்கு விடுவார்கள். பணக்காரப் பிள்ளைக்கு வேகமான படகு, நம் பிள்ளைக்கு மெதுவான படகு என்ற பேச்சே கிடையாது.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஃபேக்டரியில் என் வேலையே, ஒரு பாகத்தைப் போலவே அடுத்த பாகமும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைத் தூக்கி ஒதுக்கிப் போடுவதுதான். சங்கடம் என்னவென்றால், கரையிலிருந்து பார்த்தால் எது நம் பிள்ளை என்று தெரியாது. வெள்ளைப் படகு, வெள்ளைப் பாய், எல்லாருக்கும் படகு கிளப் கொடுத்த சிவப்பு லைஃப் ஜாக்கெட். பாயில் எண் எழுதியிருக்கும், ஆனால் கிட்டே வந்தால்தான் படிக்க முடியும். படகில் பெரிதாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

"வேணாம்மா, அசிங்கமா இருக்கும். எல்லா போட்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஃபேர் லா" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மீட்புப் படகில் உட்கார்ந்து பாய் எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஒரு பையனின் அப்பா. அவருக்குக் காய்ச்சல். கோச் என்னிடம் வந்தார். நம்மவர்தான், என்னைவிட இளையவர்.

"அக்கா, சும்மா உக்காந்து நம்பர் சொன்னா போதும். நான்தானே ஓட்டப் போறேன், ஒண்ணும் ஆவாது லா."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறி உட்கார்ந்து, ஓரத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கரையில் நின்ற என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையசைத்தார்.

போட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தது. மகளின் எண்ணை ஒரு முறை பார்த்தேன், பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் பத்து ஃபிரிங்கி ஊர்ப் பக்கத்து மலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. மழை வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், கர்னி டிரைவில் உயரம் உயரமாக நின்ற கட்டிடங்களையும் காணவில்லை. கோச்சின் முகம் மாறிவிட்டது. சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடிக்கிற காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். போட்டியை நிறுத்தும் ஹாரன் ஒலித்தபோதே பிள்ளைகளின் படகுகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்துவிட்டன.

படகு கவிழ்ந்தால் பாய் தண்ணீருக்குள் போய்விடும். எண்ணும் அதோடு போய்விடும். நான் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேனோ அந்த வேலையே இல்லாமல் போனது. மழைக்குள் மேலே தெரிந்ததெல்லாம் வெள்ளையான படகு அடிகள்தான். எதைப் பார்த்தாலும் அது என் மகளுடையதாகத் தெரிந்தது, அடுத்த நொடியே வேறு யாருடையதாகவோ தெரிந்தது.

"கோச், எம்பொண்ணு அந்தப் பக்கம்தான் இருந்தா. அங்க போங்க" என்று கத்தினேன்.

"கிட்ட இருக்கிற பிள்ளைதான் மொதல்ல, அக்கா. அங்க வேற போட் போயிருக்கு."

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அந்த போட்ல காத்துப் பை கட்டியிருக்கு. தண்ணி ரொம்பினாலும் முழுகாது. போட்ட விடாம புடிச்சிக்கிட்டு இருந்தா போதும். அவளுக்குத் தெரியும்."

படகு மூழ்காது, சரி. என் மகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாளா? வீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூட ஒழுங்காகப் பிடிக்காமல் கீழே போடுகிறவள் அவள். கோச்சின் மேல் எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். அவர் அருகில் கவிழ்ந்திருந்த படகுப் பக்கம் போய் ஒரு பையனை எங்கள் படகுக்குள் தூக்கிப் போட்டார். அவன் உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தான். அவன் முதுகைத் தடவிக்கொண்டே நான் அவன் தலைக்கு மேலாகக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படகு முழுதாகப் புரண்டு கிடந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஒரு சின்னக் கை, நனைந்த ஒற்றைச் சடை, சிவப்பு ஜாக்கெட். என் மகளேதான். சந்தேகமே இல்லை. "பாப்பா, பாப்பா" என்று அலறிக்கொண்டு, பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டு, பாதி உடம்பு வெளியே தொங்க அவள் ஜாக்கெட்டைப் பிடித்தேன். கோச்சும் சேர்ந்து இழுத்தார். பிள்ளை உள்ளே வந்து விழுந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

என் மகள் இல்லை. அதே வயதில் ஒரு மலாய்ப் பிள்ளை.

"இவ இல்ல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் என் முகம் எப்படி விழுந்தது என்பதை அவள் பார்த்தாள். உதடெல்லாம் வெளுத்து, பல் தந்தியடிக்க, என்னை அண்ணாந்து பார்த்து, "சாரி, ஆன்ட்டி" என்றாள்.

சாவின் விளிம்பிலிருந்து மேலே வந்த ஒரு குழந்தை, தான் இன்னொரு குழந்தையாக இல்லாமல் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டது. அவளை மடியில் இழுத்து வைத்து இறுக்கிக்கொண்டேன். அப்போதும் என் கண் கடலை விட்டு வரவில்லை. அதுதான் உண்மை.

மீட்புப் படகில் இடம் நிறைந்ததும் கோச் கரைக்குத் திருப்பினார். என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டதைப் பார்த்தவர், கடைசியில் என்னைப் பார்த்து, "பாப்பா எங்க?" என்று கேட்டார். கடலுக்குள் போய் வந்தவள் நான். தெரியவில்லை என்று கையை விரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மழை கொஞ்சம் விட்டபோது ஒரு மீன்பிடி சம்பான் படகு கரையை நோக்கி வந்தது. உள்ளே சில சிவப்பு ஜாக்கெட்டுகள். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்துவிட்டேன், இந்த முறை நம்புவதாக இல்லை. "அம்மா" என்ற குரலைக் கேட்ட பிறகுதான் ஓடினேன். கட்டிப்பிடித்து அழுதேன். முதுகில் ஓர் அடியும் வைத்தேன்.

அவளோ ஏதோ உல்லாசப் பயணம் போய்வந்தவள் மாதிரி பேசினாள். "அம்மா, போட்ட நான் விடவே இல்ல. கையெல்லாம் வலிச்சிச்சு. அப்ப இந்த பக் சிக் வந்தாரு. என்னப் பாத்ததும் 'ஹா, அடா பூன்'னு சொல்லிச் சிரிச்சாரும்மா. என்னையேதான் தேடி வந்த மாதிரி. அப்பவே எனக்குப் பயம் போயிடுச்சி."

அடா பூன் என்றால், இதோ இருக்கிறாயே என்று அர்த்தம். காணாமல் போன சொந்தப் பிள்ளையைக் கண்டால் சொல்வது. அவள் பக் சிக், அதாவது மாமா, என்று சொன்ன அந்த மலாய் மீனவர் என் மகளை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. இவளைப் போல் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளையும் அன்று தூக்கியிருக்கிறார். எல்லாரிடமும் அதையே சொன்னாராம். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவ இல்ல" என்று நான் சொன்னது நினைவுக்கு வர, அங்கே நிற்க முடியாமல் நகர்ந்தேன்.

கிளப் கொட்டகையில் அந்த மலாய்ப் பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு சூடாக மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, தெரிமா காசே, தெரிமா காசே என்று திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு குனிந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அனாக் ஆன்ட்டி சுடா ஜும்பா?"

என் மகள் கிடைத்துவிட்டாளா என்றுதான் கேட்டாள். கிடைத்துவிட்டாள் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளை வாய் நிறையச் சிரித்தது.

மகள் இன்னமும் படகு ஓட்டுகிறாள். நானும் மீட்புப் படகில் ஏறுகிறேன், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் எந்தப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாலும், அது யார் என்று பார்ப்பதற்கு முன்பே, "வந்துட்டியா கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தான் அந்தப் பிள்ளை அவ்வளவு நேரமும் படகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.